அவள் மல்லாந்து படுக்கட்டும்

"அவள ராணியாக்கிடுங்க மேடம். மத்ததெல்லாம் தன்னால சரியாயிடும்."

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் ஃபோனில் இதைச் சொன்னபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது, கறிவேப்பிலை கருகியது, எனக்கு வயிறும் எரிந்தது. ஆக்கிடுங்களாம்! என்னவோ மிஞ்சிய மாவை ஊத்தப்பம் ஆக்குவது போலச் சொல்கிறார். தம்பி, அவள் பதின்மூன்று வயதில் சீன அரண்மனைக்குள் வேலைக்கு வந்த பெண். இருபத்தைந்து வயதில் அனுப்பிவைக்கப்படுகிறாள். வீட்டுக்குப் போகிறாள். முதல் முறையாக மல்லாந்து படுக்கிறாள். அதோடு நாவல் முடிகிறது. அவளை எங்கே கொண்டுபோய் ராணியாக்குவேன்?

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. "பாக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். கோயம்புத்தூர்க்காரர்களிடம் இது ஒரு பெரிய வியாதி. கோபம் வர வரப் பேச்சில் 'ங்க' கூடிக்கொண்டே போகும்.

இந்தச் சீனா எனக்கு எப்படி வந்து ஒட்டியது என்று சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு நாட்களில் புனேயில் எங்கள் அடுக்ககத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மகளுக்குக் கல்லூரி லேப்டாப்பில் நடந்தது. வகுப்பு முடிந்ததும் அதே லேப்டாப்பில் சீனத்து அரண்மனைத் தொடர்கள் ஓடும். ராஜா ஒருத்தர், அவருக்குப் பட்டத்து ராணி, அவளுக்குக் கீழே படிப்படியாக மற்ற ராணிகள். ஒருத்தி இன்னொருத்தியின் சூப்பில் எதையாவது கலப்பாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நான் பருப்புக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே பார்ப்பேன்.

எனக்கு ராணிகள் மேல் கண் போகவில்லை. ஒவ்வொரு ராணியின் பின்னாலும் ஒரு பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மழை பெய்தாலும் நிற்பாள், ராணி அழுதாலும் நிற்பாள். பல நாள் பார்த்தும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கண்ணு, அந்தப் புள்ளய யாருமே உக்காரச் சொல்ல மாட்டாங்களா?"

"அம்மா, அவ வெறும் மெய்ட் மா."

"மெய்டுன்னா கால் வலிக்காதா?"

"அரே, அவ ஸ்டோரில இல்லம்மா. சும்மா பேக்ரவுண்ட்."

பேக்ரவுண்டாம். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. நூலகம் திறந்த பிறகு தேடிப்பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். கடைசியாகச் சீனாவை ஆண்ட அரச வம்சத்தில் அந்த வேலைக்காரப் பெண்கள் எப்படி இருந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள் என்று. வாய் விட்டுச் சிரிக்கக் கூடாது. மீன் தின்னக் கூடாது, வாய் நாறும் என்று. அரை வயிற்றுக்குமேல் சாப்பிடக் கூடாது. இதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எந்தப் பெரிய வீட்டிலும் வேலைக்காரிக்கு இப்படித்தான் ஏதாவது வைத்திருப்பார்கள்.

ஒரு விதிதான் என்னைப் புத்தகத்தை மூடிவைக்கச் செய்தது. அந்தப் பெண்கள் மல்லாந்து படுக்கக் கூடாது. ஒருக்களித்து, காலை மடக்கிச் சுருட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். இரவில் அரண்மனைத் தெய்வங்கள் நடமாடுமாம். ஒரு பெண் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் அவை முகம் சுளிக்குமாம். தூக்கத்தில் புரண்டுவிட்டால் மூத்த பணிப்பெண் அடித்து எழுப்புவாளாம்.

எனக்கு இது தெரியும். சீனாவுக்குப் போகாமலேயே தெரியும். வயசுக்கு வந்த பிறகு அம்மா விடிகாலையில் வாசல் தெளிக்கப் போகும்போது என் பாயைத் தாண்டிப் போவாள். போகிற போக்கில் கால்விரலால் என் காலில் ஒரு தட்டு. "பொம்பளப் புள்ள இப்படியா மல்லாக்கக் கெடப்பா? ஒருக்களிச்சுப் படு." அவ்வளவுதான். திட்டெல்லாம் கிடையாது. சோற்றைச் சிந்தாதே என்பது போலத்தான் சொல்வாள். அப்பா இருப்பார், அண்ணன்கள் இருப்பார்கள். யார் பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றாது. மல்லாந்து படுக்க மாட்டேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதற்குத் தெய்வத்தைக்கூட இழுக்கவில்லை, அம்மாவே போதும்.

அதனால் நான் எழுத ஆரம்பித்தேன். இந்த அரண்மனையில் ஒரு பெண். மகாராணியின் படுக்கையறைக் கதவோரம் இரவெல்லாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே மூச்சு சீராக வருகிறதா, புரண்டு படுத்தாளா, தண்ணீர் கேட்டாளா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பது அவள் வேலை. அடுத்தவள் தூக்கத்துக்குக் காவல். தன் தூக்கத்தில் ஒருக்களித்த உடம்பு. பன்னிரண்டு வருடம். பிறகு வாசல் திறக்கிறது, வீட்டுக்குப் போகிறாள், மல்லாந்து படுக்கிறாள். எழுதி முடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது.

அந்த ஐந்து வருடமும் நான் வாங்கிய கேள்விகளைக் கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். "எதுக்கு சீனா? நம்ம சோழர் இல்லையா?" இதை லிஃப்டில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பல் டாக்டரின் வரவேற்பறையில் கேட்டார்கள். சோழரின் அந்தப்புரத்தில் தட்டுப் பிடித்த பெண் எப்படிப் படுத்தாள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் கொடுங்கள், நாளைக்கே எழுதுகிறேன். என் தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டு, "சீனாக்காரன் எல்லைல நிக்கறான், நீ அவன் ஊட்டுக் கதை எழுதற" என்றான். தேசத்துரோகம் வரைக்கும் போய்விட்டது விஷயம்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கார் ஃபாக்டரியில் இருந்து ரிடையர் ஆகி, காலையில் நடை, மாலையில் அடுக்ககத்தின் சொசைட்டி கமிட்டி என்று தன் பாட்டுக்கு இருப்பவர். நான் எழுதுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் நான் டைனிங் டேபிளில் எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, "நீ எழுது அம்மணி, நான் தொந்தரவு பண்ணல. தோசைக்கு மாவு இருக்குதா?" என்பார். தொந்தரவு பண்ணாமல் தொந்தரவு பண்ண அவரிடம்தான் படிக்க வேண்டும்.

அந்தப் பணிப்பெண் மாதிரியே படுத்துப் பார்ப்போம் என்று ஒரு வாரம் முயன்றேன். முழங்காலை மடக்கி, ஒரு கையை உடம்போடு ஒட்டி, மறு கையை நீட்டிக்கொண்டு. எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அன்றாடம் படுப்பதுபோலத்தான் இருந்தது. மகள் முயன்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, ஃபேனைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போயிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவளை நான் தட்டி எழுப்பியதில்லை. எழுப்ப வேண்டும் என்று கால் துறுதுறுத்த நாட்கள் உண்டு, ஆனால் எழுப்பவில்லை.

இந்த மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எழுத்துக் கூட்டி கடைப் பெயர்ப்பலகை படிப்பாள், கோயம்புத்தூர் போனால் பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். ஐந்து வருடம் உயிரைக் கொடுத்து எழுதுகிறேன், பெற்ற பெண்ணுக்கு அது புழு நெளிகிற மாதிரி இருக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் அத்தியாயத்தை ஃபோனில் படித்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அவள் நாங்கள் இருக்கிற ஔந்திலிருந்து புனேயின் மறுகோடி ஹடப்சருக்கு ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். அந்த டிராஃபிக்கில் ஒரு அத்தியாயம் தாராளமாகக் கேட்கலாம். என் சீனத்து மகாராணி பேசும்போது பின்னால் எங்கள் குக்கர் விசிலடிக்கும், கீழே குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போகும். "அம்மா, ராஜா வர்ற சீன்ல கச்ரா காடி வந்துச்சு" என்று பதில் வரும். என் முதல் வாசகி அவள்தான். வேறு ஆள் இல்லை.

சரி, பதிப்பாசிரியருக்கு வருவோம். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் ஒரே ஏச்சில் முடித்திருப்பேன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேசினார்.

"மேடம், மொழி பிரமாதம். அந்த அரண்மனை அப்படியே கண்ணு முன்னாடி வருது. ஆனா முந்நூறு பக்கம் வாசகன் ஒருத்தன் கூடவே வர்றான் பாருங்க, அவனுக்குக் கடைசில என்ன குடுக்குறோம்? அவ மல்லாந்து படுக்குறா. அதானா?"

"அதானுங்க."

"அதுல என்ன மேடம் இருக்கு? நானும் தினம் மல்லாந்துதான் படுக்குறேன்."

படுப்பீர்கள் ஐயா, உங்களை யார் தட்டி எழுப்பினார்கள்? சொன்னேனா? இல்லை. "அது அப்படி இல்லைங்க" என்று இழுத்தேன்.

"ராஜா ஒரு தடவ கதவைத் தாண்டிப் போறப்ப அவளப் பாக்குறாரு. அந்த எடத்துல இருந்து ஒரு கை தூக்கி விடுங்க. அவ மேல வர்றா. தட்டைப் பிடிச்சவ கடைசில சிம்மாசனத்துல உக்காருறா. இந்தப் புத்தகக் காட்சிக்கே கொண்டு வந்துரலாம்."

பணிப்பெண்கள் சிலர் ராஜாவின் கண்ணில் பட்டு, கடைசிப் படியில் ஒரு சின்ன ராணியாக ஒட்டிக்கொண்டது உண்டுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போனவள் அப்புறம் வெளியே வரவே முடியாது. சாகிறவரைக்கும் உள்ளேதான். தட்டுப் பிடித்தவளுக்கு இருபத்தைந்து வயதில் வாசல் திறந்தது, ராணிக்குத் திறக்கவில்லை. இதை விளக்கிச் சொன்னேன். "அதெல்லாம் வாசகனுக்கு வேண்டாம் மேடம்" என்றார். எனக்கு வேண்டுமே!

நான் வீம்புக்காரி. நாலு பெண்களிடம் படித்துக் காட்டுவோம், பெண்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஔந்தில் யாராவது ஒருத்தர் வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிற பெண்கள் கூடுவோம். சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று பலர், பெரும்பாலும் ஐடி வேலைக்கு வந்தவர்கள். கோர்படியிலிருந்து ஒரு டீச்சர் வருவார். அவர் குடும்பம் கண்டோன்மென்ட் பக்கம் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர், தனியாக இருக்கிறார். ஆட்டோக்காரனோடு மராத்தியில் ஒரு சண்டை போட்டுவிட்டு, கையில் பாக்கர்வடி நொறுக்குப் பொட்டலத்தோடு வந்து இறங்குவார். பேச்சில் தாட்சண்யம் கிடையாது.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அவள் வீட்டுக்கு வருகிறாள், விளக்கை அணைக்கிறாள், மல்லாந்து படுக்கிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அடுத்த தாளைத் திருப்புவேன் என்று எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "அவ்ளோதானாக்கா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"ராஜா அவளத் தேடி வரலையா?"

"அவரு எதுக்கு வர்றாரு? அவருக்கு அவ பேரே தெரியாது."

"அச்சோ, பாவம்க்கா."

இன்னொருத்தி அந்த அரண்மனையில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டாள். அங்கிருந்து பேச்சு நூடுல்ஸுக்குப் போய், பானேரில் புதிதாகத் திறந்த சீன ஹோட்டலுக்குப் போய், அங்கே மஞ்சூரியனில் சர்க்கரை போடுகிறான் என்பதில் வந்து நின்றது. என் பெண் முந்நூறு பக்கம் ஒருக்களித்துப் படுத்தது மஞ்சூரியனில் முடிந்தது.

டீச்சர் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"ஏம்மா, நாப்பது வருஷம் நான் ஹிஸ்டரி நடத்திருக்கேன். ராணி ஆனவளப் பத்திதான் புக்குல இருக்கும். படுத்தவளப் பத்தி யாரும்மா படிப்பா? சல், விடு. ராணி ஆக்கிடு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வந்தேன், செருப்பைக் கழற்றி ஒன்று ஒருபக்கமும் மற்றது மறுபக்கமும் போகும்படி உதறினேன். "என்னாச்சு அம்மணி?" என்றார் இவர். "எல்லாரும் சேந்து சொல்றாங்க, அவள ராணியாக்கோணுமாம்" என்றேன். "ஆக்கிப்போடு, அதுக்கென்ன?" என்றார். அன்று அவருக்கு உப்புமாதான் கிடைத்தது.

எழுதிவிட்டேன். ஆமாம், எழுதிவிட்டேன். அந்த வாரமே. எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! அதுதான் எரிச்சல். ஐந்து வருடம் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து எழுதியவள், இதைப் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி எழுதினேன். ராஜா கதவைத் தாண்டிப் போகிறார், நிற்கிறார், திரும்புகிறார். அவள் தலை நிமிர்கிறாள். பட்டு, முத்து, நகக்கவசம், சிம்மாசனம். சூப்பில் விஷம்கூடக் கலந்தேன், கேட்பதற்குள் கொடுத்துவிடுவோம் என்று. சென்னைக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஃபோன் வந்தது. "இதான் மேடம்! இதான்! அட்டைக்குச் சொல்லிட்டேன்."

எப்போதும் போல மகளுக்கும் படித்து அனுப்பினேன். சாயங்காலம் வந்தாள், பையைச் சோபாவில் எறிந்தாள், ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"நல்லா இருக்கும்மா. ஏக்தம், அப்படியே அந்த சீரியல் மாதிரியே இருக்கு."

பாராட்டுத்தான். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. தயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். எந்தத் தொடரைப் பார்த்து வயிறெரிந்து எழுத உட்கார்ந்தேனோ, அதையே ஐந்து வருடம் கழித்து நானும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ராணிக்குப் பின்னாலும் ஒருத்தி தட்டோடு நிற்க வேண்டுமே, அவளை நான் எழுதக்கூட இல்லை. நின்றிருப்பாள். எனக்குத்தான் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை டீச்சரிடமிருந்து ஃபோன். நான் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

"அம்மா, உன்மேல எனக்குக் கோவம்."

"நாந்தானுங்க டீச்சர் கோவிச்சுக்கோணும்."

"சுனோ, கேளு. ஞாயித்துக்கிழமைலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. உன் கதையக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, சரி, நாமும் மல்லாந்து படுத்துப் பாப்போம்னு படுத்தேன்மா. முடியல."

அடுப்பைத் தணித்துவிட்டு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ரயில்வே குவாட்டர்ஸ்ல நாங்க நாலு பொண்ணு, மூணு பசங்க, ஒரே ரூமு. எங்க மம்மி ஒரு ஸ்கேல் வச்சிருப்பாங்க. மல்லாந்தா முட்டியில ஒண்ணு விழும். மம்மி போயி முப்பது வருஷம் ஆச்சு. இப்ப இந்த வீட்ல நான் ஒருத்திதான். கதவு தாப்பா போட்டிருக்கு. யாரு பாக்கப் போறா? ஆனா படுத்தா மாரு படபடன்னு அடிக்குது, கை தானாப் போயி போர்வையத் தேடுது. தினம் படுத்துப் பாக்கறேன். தினமும் திரும்பிப் படுத்துடறேன். நாட்டோட சரித்திரமெல்லாம் நடத்துனேனே, இது எனக்குத் தெரியலையே." அப்புறம் கேட்டார். "உன் கதைல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன அன்னிக்கே மல்லாந்து படுத்து நிம்மதியாத் தூங்குனான்னு எழுதிருக்கியே. எப்படிம்மா முடிஞ்சுது அவளுக்கு? நீ படுத்துப் பாத்தியா?"

அடக் கடவுளே! ஒருக்களித்து ஒரு வாரம் படுத்துப் பார்த்தவள், மல்லாந்து ஒரு தடவைகூடப் படுத்துப் பார்க்கவில்லை. முந்நூறு பக்கமும் எந்த ஒரு காரியத்துக்காக எழுதினேனோ, அதை நான் செய்ததே இல்லை. ராணி முடிவுதான் பொய் என்று குமைந்துகொண்டிருந்தேன். என் முடிவும் பொய்தான்.

"இல்லைங்க டீச்சர்" என்றேன்.

"அப்ப பாத்துட்டு எழுது" என்று வைத்துவிட்டார். டீச்சர் டீச்சர்தான்.

உடனே சென்னைக்கு அடித்தேன். ராணி வேண்டாம், அட்டையை நிறுத்துங்கள், கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுதப் போகிறேன் என்றேன்.

"மேடம், என்ன மேடம் இது? எல்லாம் முடிவாயிடுச்சே."

"நான் முடிவு பண்ணலைங்களே."

"சரி, புது முடிவுல என்ன ஆகுது?"

"மல்லாந்து படுக்கறா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "பழைய முடிவும் அதான மேடம்?"

"இல்லைங்க. இதுல அவளுக்குத் தூக்கம் வராது."

அவர் பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். இப்படியென்றால் இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவும் நிச்சயமில்லை, வேறு பதிப்பகம் பார்த்தாலும் அவருக்கு வருத்தமில்லை. "நீங்க நல்லா யோசிச்சுக்கோங்க மேடம். ஒரு ராணிக்காக ஒரு புத்தகத்த விடறீங்க."

"தட்டுப் புடிச்சவளுக்காக விடறேனுங்க. போனாப் போவுது" என்று சொல்லிப்போட்டேன். முதல் முறையாக என் கோபத்தில் 'ங்க' குறைந்திருந்தது என்று நினைக்கிறேன்.

வைத்த பிறகு அழுகை வந்தது. ஐந்து வருடம். சும்மா இல்லை. புத்தகக் காட்சியில் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற ஒரு முகம் தெரியாத பெண்ணை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன். அவளும் போனாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பதிப்பாசிரியர் மேல், டீச்சர் மேல், மஞ்சூரியன் மேல், என் மேல், விடிகாலையில் வாசல் தெளிக்கப் போன அம்மாவின் கால்விரல் மேல்.

நண்பகல். இவர் கீழே கமிட்டி ஆபீசில் தண்ணீர்த் தொட்டி விவகாரம் பேசப் போயிருந்தார். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். ஹாலில், வெறும் தரையில், மல்லாந்து படுத்தேன்.

டீச்சர் சொன்னது சரி. உடம்பு முழுக்க வெளியே கிடக்கிற மாதிரி இருந்தது. வயிறு, மார்பு, கழுத்து எல்லாவற்றையும் யாரோ மேலே இருந்து பார்க்கிறார்கள். மேலே ஃபேன்தான் இருந்தது. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டைக் கை தானாக இழுத்துப் பரப்பியது. கால் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. இடது முழங்கால் மடங்கப் பார்த்தது, நான் நீட்டினேன், மறுபடி மடங்கியது. என் முழங்காலோடு நானே மல்லுக்கு நின்றேன். அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவள் ஒரே இரவில் எப்படித் தூங்குவாள்? எத்தனை தடவை திரும்பிப் படுத்திருப்பாள், எத்தனை தடவை தன்னைத்தானே பிடித்து மல்லாத்தியிருப்பாள்? இது தெரியாமல் ஐந்து வருடம் எழுதியிருக்கிறேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்திரு என்று உடம்பு துள்ளியது. நான் எழுந்திருக்கவில்லை.

"அம்மணி!" இவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னாச்சு? மயக்கமா? உளுந்துட்டயா? டாக்டரக் கூப்புடட்டா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா படுத்திருக்கறேன்."

"சும்மாவா? இப்படியா?"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னை இப்படிப் பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு, கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றும் கிடையாது, பாவம், விறுவிறுவென்று வாசல் பக்கம் திரும்பினார்.

"கதவு பாரு, பப்பரப்பான்னு தெறந்து கெடக்குது. எதுத்த ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"ஏனுங்க" என்றேன், தரையிலிருந்தே. "அதச் சாத்தாதீங்க."